அக்கியும் எச்.ஐ.வி.யும்: பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்



மருத்துவ உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வந்த மனுக்களில் மூன்று மனுக்கள் ஒரே நோயைப் பற்றியவை. அக்கி. மூன்றும் மூன்று விதமாக முடிந்தன. ஒரு நன்னிக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. ஒரு குடும்பம் தேவையில்லாத சந்தேகத்தால் பிரிகிற நிலைக்குப் போய்த் திரும்பியது. ஓர் இளைஞருக்கு அந்த அக்கியே உயிரைக் காக்கும் எச்சரிக்கையாக அமைந்தது. ஊர், பெயர், வயது எல்லாவற்றையும் மாற்றியோ மறைத்தோதான் எழுதுகிறேன். யார் அவர் என்று யாரும் ஆராய வேண்டாம்.

அக்கி என்ற சொல்லுக்குப் பழைய தமிழில் நெருப்பு என்றே பொருள். அக்னி என்பதன் இன்னொரு வடிவம். அரபு நாடுகளில் வேலை பார்த்தவர்கள் அங்குள்ள டாக்டர்கள் இதை 'அல்ஹிஸாமுன் நாரீ' என்று சொல்லக் கேட்டிருக்கலாம். ஹிஸாம் என்றால் இடுப்பில் கட்டும் வார், நார் என்றால் நெருப்பு. நெருப்பு வார். மருத்துவப் பெயரில் வரும் 'ஜோஸ்டர்' என்பதும் கிரேக்க மொழியில் இடைவார்தான். இந்த நோயை ஒருமுறை அனுபவித்தவருக்கு இந்தப் பெயர்களை விளக்க வேண்டியதில்லை.

இது எங்கிருந்து வருகிறது? சூட்டினால் வருகிறது, பூச்சி கடித்து வருகிறது, சிலந்தி சிறுநீர் பட்டு வருகிறது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அப்படியில்லை. சிறு வயதில் நமக்குச் சின்னம்மை போட்டிருக்கும். வேப்பிலையில் படுக்க வைத்து, தலைக்கு ஊற்றி, எல்லாம் முடிந்தது என்று நினைத்திருப்போம். ஆனால் அம்மையை உண்டாக்கிய வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத் தண்டின் இரு பக்கமும் இருக்கும் நரம்பு முடிச்சுகளிலும், முகத்துக்குப் போகும் நரம்பின் முடிச்சிலும் ஒளிந்து உறங்குகிறது. இருபது வருடம், நாற்பது வருடம், அறுபது வருடம்கூட உறங்கும். நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள்தான் அதற்குக் காவல். காவல் தளரும்போது அது விழித்து, தான் ஒளிந்திருந்த அந்த ஒரு நரம்பின் வழியாகவே தோலுக்கு வருகிறது. அதனால்தான் அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டை போட்டது போல வருகிறது. வலது பக்கம் வந்தால் நடுக்கோட்டைத் தாண்டி இடது பக்கம் போவது அபூர்வம்.

கொப்புளம் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அந்த இடத்தில் எரிச்சல், குத்தல், தொட்டால் கூசுகிற வலி ஆரம்பித்துவிடும். இடது மார்பில் வந்தால் நெஞ்சு வலி என்று ஈ.சி.ஜி. எடுக்க ஓடுவார்கள். வயிற்றில் வந்தால் குடல் வால் என்று நினைப்பார்கள். மூன்றாம் நாள் சிவந்து கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம் வந்த பிறகுதான் விஷயம் புரியும்.

இங்கேதான் நம் ஊர்களில் நேரம் வீணாகிறது. அக்கி என்றதும் மண்பாண்டம் செய்பவரிடம் போய் 'அக்கி எழுதி' வருவது தமிழ்நாடு முழுக்க உள்ள வழக்கம். செங்காவியைக் குழைத்து, கொப்புளத்தின் மேல் சிங்கத்தின் உருவத்தை எழுதுவார்கள். ஹிந்துச் சகோதரர்கள் மட்டுமல்ல, நம்மவர்களும் போகிறார்கள். சிலர் அதற்குப் பதிலாக ஹஜ்ரத்திடம் ஓதி ஊதிக்கொள்கிறார்கள். ஓதிப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை, துஆ எப்போதும் நல்லது. ஆனால் அக்கி சில வாரங்களில் தானாகவே காய்ந்துவிடும் நோய். காவி பூசினாலும் காயும், பூசாவிட்டாலும் காயும். அதனால்தான் காவியால் குணமானது போலத் தெரிகிறது. காய்ந்த பிறகு நரம்பில் தங்கும் வலிதான் உண்மையான தொல்லை. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், சட்டை உரசினாலே துடிக்க வைக்கும். அந்தப் பின்விளைவு வயதானவர்களுக்கு அதிகம்.

கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை ஆரம்பிப்பதே சிறந்தது. அசைக்ளோவிர் என்ற மாத்திரை விலை குறைந்தது, அரசு மருத்துவமனையிலும் கிடைப்பது. பெரியவர்களுக்கு வழக்கமாக 800 மில்லிகிராம் ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள் கொடுப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும் என்பதால், மெடிக்கல் ஷாப்பில் நாமே வாங்கிப் போடக் கூடாது. கொப்புளத்தில் உள்ள நீரில் வைரஸ் இருக்கிறது. அது பட்டால் மற்றவருக்கு அக்கி வராது, ஆனால் அம்மை போடாதவர்களுக்குச் சின்னம்மை வரலாம். ஆகவே எல்லாம் பொருக்குத் தட்டும்வரை துணியால் மூடி வைத்து, கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் விட்டு விலகி இருப்பது நல்லது.

முதலில் சொன்ன நன்னிக்கு 68 வயது, சர்க்கரை நோயும் உண்டு. நெற்றியிலும் இமையிலும் மூக்கு நுனியிலும் கொப்புளம். மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால் கண்ணுக்கும் ஆபத்து இருக்கிறது என்பது கண் மருத்துவர்களின் பழைய பாடம், ஏனென்றால் இரண்டுக்கும் போவது ஒரே நரம்பின் கிளை. அன்றே கண் டாக்டரிடம் போயிருக்க வேண்டும். வீட்டில் ஒன்பது நாள் காவி பூசினார்கள். கருவிழியில் புண் வந்து தழும்பாகிவிட்டது.

இனி தலைப்பில் உள்ள விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மை வைரஸ் விழிப்பதற்குக் காவல் தளர்வதே காரணம் என்றேன். காவல் ஏன் தளர்கிறது? முதற்காரணம் வயது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அக்கி வருவது சாதாரணம். சர்க்கரை, புற்றுநோய், கீமோதெரபி, நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை, சிறுநீரகம் மாற்றியவர்கள் போடும் மாத்திரை ஆகியவையும் காரணமாகும். இவற்றோடு சேர்ந்த இன்னொரு காரணம் எச்.ஐ.வி. அந்தக் கிருமி தாக்குவதே சி.டி.4 என்ற காவல் அணுக்களைத்தான். எய்ட்ஸ் என்ற கடைசிக் கட்டத்துக்கு வருவதற்குப் பல வருடங்கள் முன்பே, ஆள் திடகாத்திரமாக நடமாடும் காலத்திலேயே, காவலில் சிறு ஓட்டை விழுந்துவிடும். அந்த ஓட்டை வழியாக முதலில் எட்டிப் பார்ப்பவற்றில் ஒன்று அக்கி. உலக சுகாதார நிறுவனம் எச்.ஐ.வி. நோயை நான்கு கட்டங்களாகப் பிரித்ததில், அக்கி இரண்டாம் கட்டத்தில் இருக்கிறது.

1980-களில் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் டாக்டர்கள் இதைக் கவனித்தார்கள். இளம் வயதினருக்கு அக்கி வருகிறதே என்று ரத்தம் பார்த்தபோது, ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி. பரவியிருந்த பகுதிகளில் அவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தக் கிருமி இருந்தது. சான் பிரான்சிஸ்கோ நகரில் ஆண்களிடம் நடத்தி 1992-இல் வெளியிட்ட ஆய்வில், எச்.ஐ.வி. உள்ளவர்களில் ஆயிரம் பேருக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 29 பேருக்கு அக்கி வந்தது, இல்லாதவர்களில் 2 பேருக்கு. அப்போது இன்றைய மருந்துகள் இல்லை. இப்போது மருந்து சாப்பிடுபவர்களுக்கு அது வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனால் தொடர்பு அப்படியே இருக்கிறது.

இந்தக் கணக்கைத் திருப்பிப் படித்துவிடக் கூடாது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அக்கி வர வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. அக்கி வந்தவர்களுக்கெல்லாம் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது பொய். இந்தியாவில் பெரியவர்களில் ஐந்நூறு பேரில் சுமார் ஒருவருக்குத்தான் எச்.ஐ.வி. இருக்கிறது. அக்கியோ ஊரெல்லாம் வருவது. நம் நாட்டில் அக்கி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வயதோ, சர்க்கரையோ, அல்லது காரணமே தெரியாத தற்காலிகத் தளர்ச்சியோதான்.

இரண்டாவது மனுவில் வந்த சகோதரருக்கு 44 வயது. மளிகைக் கடை வைத்திருக்கிறார். இடுப்பில் அக்கி வந்து டாக்டரிடம் காட்டியபோது, சீட்டில் 'ஹெர்பிஸ் ஜோஸ்டர்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மனைவியின் தம்பி அந்த வார்த்தையைப் போனில் தேடினார். ஹெர்பிஸ் என்று போட்டால் பால்வினை நோய் என்று வருகிறது. கீழே எச்.ஐ.வி. என்றும் வருகிறது. மறுநாளே மச்சான்மார் வந்து அக்காவைக் கூட்டிப் போக நின்றார்கள். பால்வினை நோயாக வரும் ஹெர்பிஸ் வேறு வைரஸ், அக்கியை உண்டாக்கும் வைரஸ் வேறு. ஒரே குடும்பப் பெயர் என்பதால் முன்பாதி ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். அவர் தாமாகவே நம்பிக்கை மையத்துக்குப் போய் ரத்தம் கொடுத்தார். எச்.ஐ.வி. இல்லை. சர்க்கரைதான் 300-க்கு மேல் இருந்தது, அதுவரை அவருக்கே தெரியாது. சோதனை முடிவு வந்த பிறகும் ஒரு மாதம் அந்த வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஒருவருடைய மானத்தைப் பற்றி ஆதாரமில்லாமல் பேசுவது நம் மார்க்கத்தில் எவ்வளவு கனமான விஷயம் என்று நான் இங்கே விளக்க வேண்டியதில்லை. போனில் தேடிப் படித்தது ஆதாரம் ஆகாது.

மூன்றாவது இளைஞருக்கு 31 வயது. வளைகுடாவில் வேலை, இரண்டு மாத லீவில் வந்தவர். விலாவில் அக்கி. மாத்திரை கொடுத்த அரசு டாக்டர், "தம்பி, இந்த வயசுல அக்கி வந்தா எல்லாருக்கும் சொல்றதுதான், ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிக்கங்க" என்றார். அவர் சரி என்று சொல்லிவிட்டு வந்து விட்டார். போகவில்லை. அவரோடு பேசியபோது காரணம் தெரிந்தது. முடிவு விசா மெடிக்கலுக்குப் போய்விடும், வேலை போய்விடும் என்ற பயம்.

இந்தப் பயத்தில் பாதி நிஜம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும் மெடிக்கலில் எச்.ஐ.வி. சோதனை உண்டு, இருந்தால் 'அன்ஃபிட்' என்று போடுவார்கள், அங்கே கண்டுபிடித்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. மறுபாதி தவறு. நம் அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்தில் கொடுக்கும் ரத்தத்தின் முடிவு பாஸ்போர்ட் ஆபீசுக்கோ, விசா மெடிக்கல் சென்டருக்கோ, கம்பெனிக்கோ போவதில்லை. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் சோதனை செய்யக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது, வேலையிலோ பள்ளியிலோ மருத்துவமனையிலோ வாடகை வீட்டிலோ ஒதுக்கக் கூடாது என்பது சட்டம்.

அவருக்கு நான் சொன்னது ஒன்றுதான். சோதனை செய்யாவிட்டால் கிருமி இல்லாமல் போய்விடாது. இருந்தால் அடுத்த மெடிக்கலில் எப்படியும் தெரியும், அதற்குள் மனைவிக்கும் போயிருக்கலாம். ஒரு வாரம் கழித்து அவரே வந்தார், கூடப் போனேன். நம்பிக்கை மையத்தில் முதலில் ஆலோசகர் தனியாக உட்கார வைத்துப் பேசுகிறார். ரத்தம் எடுத்து, முதல் சோதனையில் இருப்பதாகக் காட்டினால் வேறு வேறு முறையில் மறுபடி சோதித்து உறுதி செய்த பிறகே சொல்கிறார்கள். காசு எதுவும் இல்லை. கிருமி புகுந்து சில வாரங்களே ஆகியிருந்தால் சோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால், சந்தேகம் இருப்பவர்களை மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்வார்கள்.

அவருக்கு இருந்தது. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை. அல்ஹம்துலில்லாஹ், மனைவிக்கு இல்லை.

1986-இல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தார்கள். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த மாணவி நிர்மலாவும் செய்த வேலை அது, ரத்தத்தைச் சோதித்தது வேலூர் சி.எம்.சி.யில். அதன் பிறகு 18 வருடம் ஏழைக்கு மருந்து கிடையாது. இலவசக் கூட்டு மருந்தை மத்திய அரசு 2004 ஏப்ரல் 1 முதல்தான் கொடுக்க ஆரம்பித்தது, தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை அதன் முதல் மையங்களில் ஒன்று. என் வயதுக்காரர்கள் மனத்தில் எய்ட்ஸ் என்றால் எலும்பும் தோலுமான உருவம் வருவதற்கு அந்த 18 வருடமும், சுவர்களில் பார்த்த மண்டை ஓட்டுப் படங்களும் காரணம். புள்ளிராஜா விளம்பரம் வந்து ஊரே சிரித்தது, ஆனால் அந்தச் சிரிப்பில் பயம் போகவில்லை.

இப்போது நிலைமை வேறு. 2017 முதல், சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் கிருமி உறுதியானதும் மருந்தை ஆரம்பித்துவிடுகிறார்கள். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்று. காலத்தோடு ஆரம்பித்து விடாமல் சாப்பிடுபவர் கிட்டத்தட்ட மற்றவர்களைப் போலவே ஆயுளோடு வாழ்கிறார். ரத்தத்தில் வைரஸ் அளவு சோதனையில் தெரியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நீடித்தால், தாம்பத்தியத்தின் மூலம் மனைவிக்கோ கணவருக்கோ பரவுவதில்லை. கர்ப்பிணிக்கு மருந்து இல்லாவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குப் பரவலாம், மருந்து இருந்தால் 5-க்கும் கீழே இறங்குகிறது.

கூட்டு மருந்து ஆரம்பித்த முதல் சில மாதங்களிலும் அக்கி வரலாம். தளர்ந்திருந்த காவல் மறுபடி எழும்போது, உடம்பு ஒளிந்திருக்கும் வைரஸோடு மோதுவதால் அது நடக்கிறது. 'மருந்தால்தான் இது வந்தது' என்று முடிவு கட்டி மாத்திரையை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தக் கூடாது. அக்கிக்குத் தனியாக மாத்திரை கொடுப்பார்கள், இது தன்பாட்டில் ஓடும். ரமலானில் ஒரு வேளை மாத்திரையை இஃப்தாருக்குப் பிறகோ சஹரிலோ வைத்துக்கொள்ளலாம், நோன்பு தொடங்கும் முன்பே மையத்து டாக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். வயிற்றெரிச்சலுக்குப் போடும் ஜெலூசில் போன்றவற்றையும், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளையும் இந்த மாத்திரையோடு எப்போது சேர்ப்பது, எப்போது பிரிப்பது என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

யார் சோதிக்க வேண்டும்? ஐம்பது வயதுக்குக் கீழே அக்கி வந்தவர், இரண்டாம் முறை வந்தவர், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடத்தில் வந்தவர், புண் ஆழமாகி வாரக்கணக்கில் ஆறாதவர். இவர்கள் யாராக இருந்தாலும் போகட்டும். அக்கியோடு எடை குறைதல், ஒரு மாதத்துக்கு மேல் காய்ச்சல் அல்லது வயிற்றுப்போக்கு, வாயில் வெள்ளைப் படலம், டி.பி. இவற்றில் ஒன்று இருந்தால் வயதைப் பார்க்கவே வேண்டாம். கூடவே சர்க்கரையும் பார்த்துவிடுங்கள், அது எல்லோருக்கும் பொது. 'நான் தொழுகையாளி, எனக்கு எதற்கு' என்று கேட்ட பெரியவருக்குச் சொன்னதை இங்கும் சொல்கிறேன். சுத்தம் செய்யாத ஊசிக்கும் சோதிக்காத ரத்தத்துக்கும் தொழுகையாளி யார் என்று தெரியாது. கணவன் சொல்லாமல் மறைத்ததால் நோயை வாங்கிய பெண்களில் எத்தனை பேர் தஹஜ்ஜுத் தவறாதவர்கள் என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

ஜமாஅத் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்கள் பாக்கி இருக்கின்றன. ஒன்று நிக்காஹ். நோய் இருப்பது தெரிந்தவர் பெண் வீட்டாரிடமோ மாப்பிள்ளை வீட்டாரிடமோ மறைத்து நிக்காஹ் முடிப்பது அநியாயம். மணக்கப் போகிறவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அதற்காகக் கமிட்டியில் வைத்து எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியதில்லை. நம்பிக்கை மைய ஆலோசகர் முன்னிலையில் இருவரும் பேசிக்கொள்ளலாம்.

இன்னொன்று மையித் குளிப்பாட்டுதல். எய்ட்ஸ் என்று காதில் விழுந்ததும் குளிப்பாட்ட ஆள் வராத சம்பவம் பக்கத்து ஊர்களில் நடந்திருக்கிறது. கையுறை, ஏப்ரன், முகக்கவசம் போட்டு, காயம் இருந்தால் மூடி, முடிந்ததும் பிளீச்சிங் கரைசலால் பலகையையும் தரையையும் கழுவினால் போதும். இதை எல்லா மையித்துக்கும் செய்ய வேண்டும், ஏனென்றால் யாருக்கு மஞ்சள் காமாலைக் கிருமி இருந்தது, யாருக்கு எச்.ஐ.வி. இருந்தது என்று நமக்குத் தெரியப் போவதில்லை. ஆண், பெண் குளிப்பாட்டுபவர்கள் இரு தரப்பினருக்கும் டிரஸ்ட் செலவில் கையுறை வாங்கிப் பள்ளிவாசல் அலமாரியில் வைத்திருக்கிறோம்.

அந்த இளைஞர் இப்போது உள்ளூரில் ஏ.சி. மெக்கானிக் வேலை பார்க்கிறார். கடை வைக்க டிரஸ்டிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுத்தோம், மூன்று தவணை கட்டிவிட்டார்.

அக்கி வந்து, கண் டாக்டரிடமோ நம்பிக்கை மையத்துக்கோ போக வழிச்செலவு இல்லாதவர்கள் அஸர் தொழுகைக்குப் பிறகு அலுவலகத்தில் என்னைப் பார்க்கலாம். பெண்கள் மதரஸா உஸ்தாதா அம்மாவிடம் சொல்லலாம். என்ன சோதனை என்று சொல்ல வேண்டியதில்லை, ரசீதில் 'மருத்துவப் பயணம்' என்று மட்டும் எழுதுவோம். நேரில் வர மனமில்லாதவர்கள் 1097 என்ற அரசு இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம், பெயர் கேட்க மாட்டார்கள்.

வஸ்ஸலாம்.

செயலாளர்